சட்டத்தோடு கலைப் பட்டமும்: திருகோணமலையிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்து, இசட் புள்ளியை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் கூடிக் கணக்குப் பார்க்கும்போது இந்தக் கேள்வி தவறாமல் வரும்: சட்டமா, ஆர்ட்ஸா? சிட்னியில் இருக்கும் சித்தப்பா போனில், "இங்க ரெண்டையும் ஒரே கோர்ஸாப் படிக்கலாமே" என்பார். யூடியூப்பில் யாரோ ஒருவர் தமிழ்நாட்டின் ஐந்து வருட பி.ஏ. எல்எல்.பி. பற்றி விளக்குவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் நம் அரச பல்கலைக்கழகங்களில் ஒரே பதிவில் இரண்டு பட்டம் தரும் அப்படியொரு கற்கைநெறி கிடையாது. இங்கே இரண்டும் வேண்டுமென்றால் நாமே பொருத்தி எடுக்க வேண்டும். வரிசையும் மொழியும் நிறுவனமும் சரியாகப் பொருந்தினால் 27, 28 வயதில் கறுப்புக் கோட்டுப் போடலாம். பொருந்தாவிட்டால் 30 தாண்டியும் இழுபடும்.

வெளிநாட்டில் எப்படிச் சேர்க்கிறார்கள்

இதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் நம் நிலைமை தெளிவாகும். அவுஸ்திரேலியாவில் ஒருவர் கலையையும் சட்டத்தையும் சேர்த்துப் பதிந்தால், முதல் மூன்று வருடம் பெரும்பாலும் கலைப் பாடங்கள், நடுநடுவே சில சட்டப் பாடங்கள், கடைசி இரண்டு வருடம் முழுக்கச் சட்டம் என்று போகும். சில பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுப்பதால்தான் காலம் மிச்சமாகிறது. இந்தியாவில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1980களின் கடைசியில் தொடங்கிய ஐந்தாண்டு முறை இன்று நாடெங்கும் பரவிவிட்டது. சென்னையில் சீர்மிகு சட்டப்பள்ளி, திருச்சியில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்று தமிழ்நாட்டிலும் உண்டு.

பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் சட்டத்துறை கலைப்பீடத்துக்குள்தான் வளர்ந்தது. வரலாறு படிப்பவரோடு ஒரே கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கலாம். ஆனால் கடைசியில் கையில் கிடைப்பது சட்டமாணி (எல்எல்.பி.) ஒன்றுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

எல்எல்.பி. எடுத்தால் சட்டத்தரணி ஆகிவிடலாம் என்றுதான் பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பட்டம் பல்கலைக்கழகம் தருவது. தொழில் செய்யும் உரிமை கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி வழியாக வருவது. 1874 இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் பரீட்சைகள், செய்முறைப் பயிற்சி, ஒரு சட்டத்தரணியிடம் பயிலுனராக இருக்கும் காலம் எல்லாம் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பிறகுதான் ஒருவர் சட்டத்தரணி. அப்புக்காத்து (அட்வகேட்), பெறக்கிராசி (புரொக்டர்) என்று சட்டத்தரணிகளில் இருந்த இரண்டு பிரிவும் 1974 இல் ஒன்றாகிவிட்டன.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகமே போகாமல், உயர்தரத் தகுதியோடு நுழைவுப் பரீட்சை எழுதிச் சட்டக் கல்லூரிக்குப் போய், மூன்று வருடம் படித்தும் சட்டத்தரணி ஆகலாம். நம் ஊரை நீண்டகாலம் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த இரா. சம்பந்தனும் சட்டக் கல்லூரி வழி வந்தவர்தான். அங்கீகரிக்கப்பட்ட எல்எல்.பி. உள்ளவருக்கு அந்த நுழைவுப் பரீட்சை தேவையில்லை. கலைப் பட்டதாரிக்கு அந்த விலக்கு இல்லை. அவர் எழுதித்தான் உள்ளே போக வேண்டும்.

ஆக, "சட்டமும் கலையும்" என்பதற்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கலைமாணியும் (பி.ஏ.) சட்டமாணியும் ஆக இரண்டு பட்டங்கள். மற்றது, கலைமாணியும் சட்டக் கல்லூரியும். உங்களுக்கு வேண்டியது எது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். வழக்காடுவதுதான் ஆசை என்றால் இரண்டாவது போதும். பல்கலைக்கழக விரிவுரையாளர், ஆய்வு, சர்வதேச நிறுவனங்கள் என்று கனவு இருந்தால் முதலாவது தேவைப்படும்.

கலைப் பட்டம் எதற்கு? அலங்காரத்துக்கா?

பெயருக்குப் பின்னால் நாலு எழுத்துக் கூட வேண்டும் என்பதற்காக என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். ஆனால் நம் மாவட்டத்தில் வழக்குகள் எதைப் பற்றி வருகின்றன என்று பார்த்தால் கலைப் பாடங்களின் பெறுமதி தெரியும்.

ஒரு நாள் காலை மாவட்ட நீதிமன்றத்தில், திறந்த மன்றில் பின்வாங்கில் உட்கார்ந்து பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். ஒழுங்கான உடுப்பும் நிறுத்திய போனும் போதும். நீதிமன்ற அலுவலரான முதலியார் வழக்கிலக்கத்தைக் கூப்பிடுவார். பாதிக்கு மேல் தவணை போட்டே முடியும். பொறுமையாக இருந்தால் ஒரு காணி வழக்காவது விசாரணைக்கு வரும். மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொலித்தீன் பைக்குள் காணி உறுதி, மங்கிய நில அளவைப் படம், நிவாரண அட்டை. எப்போது காணியை விட்டுப் போனீர்கள் என்று கேட்டால் "செல்லடிச்ச நேரம்" என்கிறார். எந்த வருடம் என்று திருப்பிக் கேட்டால் "சின்னவன் கைக்குழந்தை" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் திகதி இல்லை, நிகழ்ச்சிதான் இருக்கிறது. அந்த நிகழ்ச்சியைத் திகதியாக மாற்றுவது சட்டத்தரணியின் வேலை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு, பாடசாலை அனுமதிப் பதிவேடு என்று ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டும். வாய்மொழிச் சான்றையும் ஆவணத்தையும் பொருத்திப் பார்க்கும் இந்த வேலையைத்தான் வரலாற்றுத் துறையில் முறையியல் என்று படிப்பிக்கிறார்கள்.

அந்தத் திகதியில்தான் வழக்கே தொங்கும். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி ஒருவர் இன்னொருவரின் காணியைப் பத்து வருடம் இடையூறில்லாமல், உரிமையாளருக்கு எதிராக ஆண்டால் அதற்கு உரிமை கோரலாம். போரில் ஓடியவர்களின் காணியில் வேறு யாரோ இருந்துவிட்டால்? இதற்காகத்தான் 2016 இல் விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. போர்ச் சூழலால் நீதிமன்றம் போய்த் தன் உரிமையைக் கேட்க முடியாமல் போனவருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது. 2006 இல் போரால் சம்பூரை விட்டுப் போன சனங்கள் 2015 முதல்தான் கட்டங்கட்டமாகத் திரும்பினார்கள். இந்த வரலாறு தெரியாத சட்டத்தரணி என்ன கேள்வி கேட்பார்?

இன்னொரு உதாரணம். கிழக்கில் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். ஆனால் காணி அரச பெர்மிட்டில் (அரசு கொடுத்த அனுமதிப்பத்திரத்தில்) இருந்தால் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குறுக்கே வரும். தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளரின் பெயர் குறிப்பிடாமல் தகப்பன் இறந்துவிட்டால், அந்தச் சட்டத்தின் வாரிசு வரிசை ஆணுக்கு முதலிடம் கொடுத்தது. 2022 திருத்தம்தான் அதை மாற்றியது. இடைப்பட்ட எண்பத்தேழு வருடத்தில் எத்தனை அக்கா தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள் என்று எந்த ஊரிலும் கேட்டுப் பாருங்கள். சமூகவியல் படித்த பிள்ளைக்கு இந்த மோதல் எங்கே இருக்கிறது என்று உடனே பிடிபடும்.

இதற்கு மேல் தனிநபர் சட்டங்கள் வேறு. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் திருமணப் பிணக்கு என்றால் 1951 ஆம் ஆண்டின் சட்டமும் காதி நீதிமன்றமும். யாழ்ப்பாணத்திலிருந்து தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறிய குடும்பம் என்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துமா என்ற கேள்வி. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்து, ஆங்கிலேயர் 1806 இல் சட்டமாக்கிய அந்த வழமை, யாழ்ப்பாணக் குடியுரித்து உள்ளவரை அவர் எங்கே போனாலும் பின்தொடரும். குடியுரித்து எப்போது விட்டுப்போனது என்பதை நிறுவ மறுபடியும் வரலாறு வேண்டும்.

படி 1: விருப்பு வரிசையைச் சரியாகப் போடுங்கள்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி, அந்த வருடத்துப் பிரதியையே வாசியுங்கள். அண்ணாவின் பழைய புத்தகம் உதவாது, விதிகள் வருடாவருடம் மாறும். சட்டத்துக்குக் கலைப்பிரிவினர் மட்டுமல்ல, மற்றப் பிரிவுகளில் படித்தவர்களும் போட்டி போடுவார்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. கல்வி வசதியில் பின்தங்கியவையாகப் பட்டியலிடப்பட்ட மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று என்பதையும் நினைவில் வையுங்கள். "எனக்குக் கிடைக்காது" என்று நீங்களே தீர்ப்பெழுதிச் சட்டத்தைப் பட்டியலில் கீழே தள்ளாதீர்கள். முதலில் சட்டம், பிறகு நீங்கள் உண்மையில் விரும்பும் கலைக் கற்கைநெறிகள் என்று போடுங்கள்.

படி 2: உங்கள் பாதையைத் தெரிவு செய்யுங்கள்

உள்வாரியாகச் சட்டம் கிடைத்துவிட்டதா? போய்ச் சேருங்கள். நாலு வருடம் அதிலேயே கவனம் வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரி மாணவராக இருக்க முடியாது. பேராதனை, யாழ்ப்பாணம் போன்றவற்றின் வெளிவாரிக் கலைமாணியைப் பக்கத்தில் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். உங்கள் பீடத்தின் அனுமதி எழுத்தில் கிடைத்தால் செய்யலாம். ஆனால் என்னைக் கேட்டால், சட்டமாணி முடித்தவர் இன்னொரு இளமாணி எடுப்பதைவிட, வரலாற்றிலோ அரசறிவியலிலோ சமூகவியலிலோ முதுமாணி செய்வதுதான் புத்தி. காலமும் குறைவு, மதிப்பும் கூட.

உள்வாரியாகக் கலை கிடைத்தவர்கள்தான் நம்மில் பெரும்பாலானோர். வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்), ஒலுவில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்), யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு எதுவானாலும், முதல் முடிவு பொதுப் பட்டமா சிறப்புப் பட்டமா என்பது. சட்டத் தொழில்தான் இலக்கு என்றால் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிறுத்திவிட்டு சட்டக் கல்லூரிக்குப் போகலாம். ஆய்வு ஆசை இருந்தால் நாலு வருடச் சிறப்பு. வகுப்புச் சித்திக்கு வாய்ப்புள்ள பிள்ளை ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கப் போய் அதை இழப்பது நட்டம்.

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு கம்பஸில் இருக்கும்போதே ஆயத்தப்படுங்கள். மொழியும் பொது அறிவும் நுண்ணறிவும்தான் அதில் சோதிக்கப்படுகின்றன. சட்டம் கேட்க மாட்டார்கள். கலைப் பட்டத்தில் நாலு பந்தி ஒழுங்காக எழுதப் பழகியவருக்கு மொழித்தாள் கைகொடுக்கும். நுண்ணறிவில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், அதற்குத் தினமும் பயிற்சி வேண்டும்.

வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம். அதன் எல்எல்.பி. பட்டத்துக்குத் தெரிவுப் பரீட்சை உண்டு, நாலு வருடப் படிப்பு. அதே பீடத்தில் சமூகக் கற்கைகளில் கலைமாணியும் இருக்கிறது. அதன் பிராந்திய நிலையம் ஒன்று மட்டக்களப்பில் உண்டு. வாகரை வீதியால் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஆனால் பதிய முன் ஒன்று கேளுங்கள்: எந்தெந்தப் பாடத்தின் வகுப்பும் பரீட்சையும் மட்டக்களப்பில் நடக்கும், எதற்குக் கொழும்பு போக வேண்டும்? கட்டணத்தைவிட இரவு ரயிலும் தங்குமிடமும்தான் பலரை இடையில் நிற்கச் செய்கின்றன. வீட்டிலிருந்தே படிக்க நினைப்பவர், கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் போன்ற பட்டம் ஒன்றை முடித்துவிட்டு, ஆசிரியராகவோ அலுவலராகவோ வேலைக்குச் சேர்ந்து, பிறகு திறந்த பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் போகலாம். மெதுவான பாதைதான். ஆனால் கடன் படாத பாதை.

லண்டன் பல்கலைக்கழக எல்எல்.பி. கொழும்பில் பலர் செய்வது. பட்டதாரிகளுக்கு அதில் காலம் குறைந்த தனி வழி உண்டு. பவுணில் கட்டணம். வசதி இருந்தால் யோசியுங்கள்.

படி 3: கலையில் எந்தப் பாடம்?

எல்லோரும் அரசறிவியலைத்தான் சொல்வார்கள். நான் அதை முதலிடத்தில் வைக்க மாட்டேன். அரசியலமைப்பு, நிர்வாகம் என்று சட்டத்தில் எப்படியும் படிக்கப் போவதையே பாதிக்கு இன்னொரு தடவை படிப்பீர்கள். சட்டம் கற்றுத்தராததைக் கலையில் எடுங்கள். காணி வழக்குக்குப் புவியியல்: நில அளவைப் படத்தை வாசிக்கத் தெரிந்த சட்டத்தரணிக்கு இங்கே வேலை குறையாது. வாதத்துக்கு அளவையியல், மெய்யியல். குடும்ப வழக்குக்குச் சமூகவியல். சான்றுகளைச் சலிக்க வரலாறு. வணிக வழக்கு என்றால் பொருளியல். இவற்றில் மனம் ஒட்டும் ஒன்றை எடுங்கள். ஒட்டாத பாடத்தில் வகுப்புச் சித்தி வராது.

சர்வதேச நீதிமன்றத்தில் 1991 முதல் 2000 வரை நீதிபதியாக இருந்த நம் நாட்டவர் சி. ஜி. வீரமந்திரி லண்டன் பி.ஏ. பட்டமும் எடுத்தவர். அவருடைய தீர்ப்புரைகளில் சமயங்களும் பண்டைய நீர்ப்பாசனமும் எல்லாம் வரும். அகலமாக வாசித்தவரின் எழுத்து என்று பார்த்ததும் தெரியும்.

படி 4: மூன்று மொழிக் கணக்கு

இதைத்தான் எங்கள் பிள்ளைகள் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். பல்கலைக்கழகச் சட்டப் படிப்பு பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம். வடக்கு கிழக்கில் கீழ் நீதிமன்றங்களின் நடவடிக்கையும் பதிவும் தமிழில். மேன்முறையீடு என்று கொழும்புக்குப் போனால் மீண்டும் ஆங்கிலம். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தக் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளை 2023 இல் நாடாளுமன்றம் நிராகரித்தது. அதைக் கேட்டு "இனி ஆங்கிலம் தேவையில்லை" என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. தீர்ப்பறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்போது அந்த மகிழ்ச்சி எத்தனை நாளைக்கு?

கலைப் பட்டத்தைத் தமிழில் செய்பவர், அந்த மூன்று வருடமும் பக்கத்தில் ஆங்கில வாசிப்பை விடக்கூடாது. கிழமைக்கு ஒரு உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்து, சம்பவம் என்ன, சட்டக் கேள்வி என்ன, முடிவு என்ன, ஏன் என்று நாலு பந்தியில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அடுத்த நாள் அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒரு வருடம் இப்படிச் செய்தவர் எந்தத் தெரிவுப் பரீட்சைக்கும் பயப்படத் தேவையில்லை. மறுபக்கம், ஆங்கிலத்தில் சட்டம் படித்துவிட்டு வருபவர் வழக்காளி சொல்வதைத் தமிழில் மனுவாக எழுதத் திணறுவதையும் காணலாம். சிங்களத்தைப் பேசும் அளவுக்காவது பழகுங்கள். கந்தளாய்ப் பக்கத்து வழக்காளியும் உங்களிடம்தான் வருவார்.

படி 5: காசு கட்ட முன் எழுத்தில் வாங்குங்கள்

தனியார் நிறுவன விளம்பரத்தில் "அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம்" என்று இருக்கும். யார் அங்கீகரித்தது, எதற்கு அங்கீகரித்தது என்று இருக்காது. மானியங்கள் ஆணைக்குழு ஒரு பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்வது ஒரு விஷயம். அந்தப் பட்டத்தை வைத்துச் சட்டக் கல்லூரிக்குள் போகலாமா என்பது வேறு விஷயம். அதைச் சொல்ல வேண்டியது சட்டக் கல்விப் பேரவை. இந்தியாவின் ஐந்தாண்டுப் படிப்புக்கோ அவுஸ்திரேலியாவின் இரட்டைப் பட்டத்துக்கோ போகிறவர்களுக்கும் இதே விதிதான். இந்திய உயர் ஸ்தானிகராலயம் வழியாக வரும் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கும்போதே, பட்டத்தின் முழுப் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் குறிப்பிட்டுப் பேரவைக்குக் கடிதம் எழுதிப் பதிலைக் கோப்பில் வையுங்கள். போனில் "ஓம், சரி வரும்" என்று சொன்னவரின் பெயர் நாலு வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

உள்வாரிப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மஹாபொல அல்லது பேசறி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் உண்டு. சட்டக் கல்லூரிக்கும் உண்டு. அதோடு கொழும்பு அறை வாடகை. இந்தக் கடைசிச் செலவுக்கு முதல் பட்டம் முடிந்து ஒரு வருடம் வேலை செய்து சேர்ப்பது நல்லது. தனிப்பட்ட வகுப்பு எடுத்தே அதைச் சமாளித்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

படி 6: வயதுக் கணக்கு

21 வயதில் கம்பஸ் போனால், பொதுக் கலைமாணி 24 இல் முடியும். உடனே சட்டக் கல்லூரி கிடைத்தால் 27, பயிற்சியோடு 28. சட்டக் கல்லூரிக்குப் பதிலாகத் திறந்த பல்கலைக்கழக எல்எல்.பி. என்றால் அதுவே 28 ஆகும், அதற்குப் பிறகு சட்டக் கல்லூரிப் பரீட்சைகள். சட்டமாணியை முதலில் எடுத்தவர் 25 இல் முடித்து, 27க்குள் சட்டத்தரணி ஆகி, முதுமாணியை உழைத்துக்கொண்டே செய்யலாம். நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைகளுக்கு வயதெல்லை உண்டு; அந்த எண்ணமும் இருந்தால் முதல் பட்டம் கையில் வந்த வருடமே எழுதிப் பாருங்கள், இரண்டாவதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

படி 7: பெயர்

சிரிக்காதீர்கள், இதில் மாட்டியவர்கள் பலர். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், பட்டச் சான்றிதழில் பின்னால். ஒரு நிறுவனத்தோடு முடிந்தால் பெரிய பிரச்சினை இல்லை. நீங்களோ மூன்று நான்கு நிறுவனங்களின் சான்றிதழ்களை ஒன்றாகச் சமர்ப்பிக்கப் போகிறவர். போரில் மூலப் பிறப்புச் சான்று தொலைந்து, பிறகு அனுமானப் பிறப்புச் சான்று எடுத்த குடும்பங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூட. பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். முடியாததற்குச் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். முதல் பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன் இதைச் செய்துவிட வேண்டும், அச்சான பிறகு திருத்துவது பெரும் பாடு.